முன்னால் போகிறவருக்குக் கண்ணாடி இல்லை

நம் ஊர் லாரிகளின் பின்னால் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியிருப்பார்கள். அதைப் படித்துப் படித்தே வண்டி ஓட்டக் கற்றவர்கள் நாம். பின்னால் வருகிறவர் ஹாரனை அழுத்துவார், முன்னால் போகிறவர் ஒதுங்க வேண்டும். ஒதுங்காவிட்டால் திட்டு வாங்குவதும் அவர்தான். டிராக் டேக்கு, அதாவது காசு கட்டிப் பந்தயப் பாதையில் நம் வண்டியை ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, முதல்முறை வருகிறவர் இந்தப் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வர வேண்டும். அங்கே பைக்கின் கண்ணாடிகளைக் கழற்றச் சொல்வார்கள், இல்லையென்றால் டேப் ஒட்டி மறைக்கச் சொல்வார்கள். பிரேக் லைட், இண்டிகேட்டர், ஹெட்லைட் எல்லாவற்றின் மேலும் டேப்தான். ஹாரன் அடித்தாலும் காற்றிரைச்சலில் ஹெல்மெட்டுக்குள் கேட்காது. பின்னால் யார் வருகிறார்கள் என்று முன்னால் போகிறவருக்குத் தெரிய வழியே கிடையாது. இருவரையும் சேர்த்துப் பார்க்கக்கூடியவர் பின்னால் வருகிறவர் ஒருவர்தான். அதனால் முந்துவது முழுக்க அவர் பொறுப்பு. மெதுவாகப் போவது அங்கே குற்றமே இல்லை.

கேட்க எளிதாக இருக்கிறது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, முன்னால் ஒரு வண்டி நம்மை மறித்தபடி போகும்போது இது நினைவில் நிற்பதுதான் கஷ்டம்.

நான் ஓட்டுவது கேடிஎம் ஆர்சி 390. பெரும்பாலும் போவது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் டிராக் அது. 1990 முதல் அங்கே பந்தயங்கள் நடக்கின்றன. முழுச் சுற்று 3.7 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். என்னைப் போன்ற ஆள் 390 சிசி வண்டியில் ஒரு சுற்றை முடிக்க இரண்டே கால் நிமிடம் ஆகும். 15 நிமிட செஷன் என்றால், வெளியே போகும் சுற்றையும் திரும்பி வரும் சுற்றையும் சேர்த்தே ஆறு சுற்றுதான். அதில் மூன்று சுற்று ஒருவர் பின்னாலேயே மாட்டிக்கொண்டால், கட்டிய காசில் பாதி போயிற்று என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். டிராக்கில் நடக்கும் முட்டாள்தனமான முந்தல்களில் பெரும்பாலானவை அந்தக் கணக்கிலிருந்து பிறப்பவை என்பது என் அபிப்பிராயம்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். டிராக் டே பந்தயம் அல்ல. இடம் பிடிக்க ஒன்றுமில்லை, கோப்பை கிடையாது. நம் மோட்டார் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள், 'ரேஸிங், ஸ்பீடு டெஸ்டிங்' போன்ற உபயோகங்களுக்குப் பொருந்தாது என்று போட்டிருக்கும். அங்கே வண்டி விழுந்தால் ஃபேரிங், ஹேண்டில்பார், லீவர் எல்லாம் சொந்தச் செலவுதான். இடித்தவர் கொடுப்பார் என்று நம்ப முடியாது. அவரவர் வண்டி அவரவர் பாடு என்று காலையிலேயே கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

காலையில் நடக்கும் பிரீஃபிங்கில் தூங்காமல் இருங்கள். முந்தும் விதிகள் ஒவ்வொரு ஏற்பாட்டாளருக்கும் கொஞ்சம் மாறும். பொதுவாக மூன்று குழுவாகப் பிரிப்பார்கள். புதியவர்கள் குழுவில் நேர்பாதையில் மட்டும்தான் முந்தலாம். திருப்பத்திலும் சரி, பிரேக் பிடிக்கும் இடத்திலும் சரி, முந்தக் கூடாது. நடுக் குழுவில் திருப்பத்தில் முந்தலாம், ஆனால் வெளிப்பக்கமாக மட்டும், நடுவே 2 மீட்டர் இடம் விட்டு. வேகமான குழுவில் எந்தப் பக்கமும் முந்தலாம், உரசக் கூடாது, அவ்வளவுதான்.

வெளிப்பக்கம் மட்டும் என்று ஏன் வைத்தார்கள் என்பதை யாரும் சரியாக விளக்குவதில்லை. திருப்பத்துக்குள் நுழைகிறவர் உள்பக்கத்தைத்தான் பார்ப்பார், வண்டியையும் உள்பக்கம்தான் சாய்ப்பார். அந்த இடைவெளிக்குள் இன்னொரு வண்டி மூக்கை நுழைத்தால், சாய்ந்த வண்டியை நிமிர்த்துவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. நிமிர்ந்த வண்டி நேராக மண்ணுக்குள் போகும். உள்பக்கமாக நுழைந்தவர் முன்சக்கரம் வழுக்கி விழுந்தாலோ, அவர் சறுக்கிப் போகும் திசையில்தான் மெதுவாகப் போகிறவர் இருப்பார். வெளிப்பக்கமாக முந்துகிறவர் கணக்குத் தவறினால் தான் மட்டும் வெளியே போய் விழுவார். அபாயத்தைக் கொண்டுவந்தவரே அதைச் சுமக்கட்டும் என்ற நியாயம் அதில் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: திருப்பத்தை முடித்து வெளியேறும்போது எல்லோருமே வெளி ஓரத்துக்கு அகலுவார்கள். வெளிப்பக்கம் முந்துவதானால் அதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தால் நசுங்கப்போவது நாம்தான்.

இனி உண்மையான தலைவலிக்கு வருவோம்.

யார் மெதுவான வண்டி? 1000 சிசி இன்ஜின் கொண்ட லிட்டர் பைக்குக்கு 200 குதிரைத்திறன். என்னுடையது 43 சொச்சம். மெயின் ஸ்ட்ரெயிட்டில் அவர் என்னைக் கடந்து போனால் காற்று மட்டும்தான் மிஞ்சும். அதன் முடிவில் வரும் முதல் திருப்பமான சி1 வேகமான வலது திருப்பம். சின்ன வண்டிக்காரர்கள் த்ராட்டிலைக் கொஞ்சம்தான் குறைப்பார்கள். பெரிய வண்டியோ 200-க்கு மேல் வந்துகொண்டிருப்பதால், பழக்கமில்லாதவர் பயந்துபோய் அரை கிலோமீட்டர் முன்பே பிரேக்கைப் பிடித்துவிடுவார். அப்புறம் சி2, சி3 என்று ஒவ்வொரு திருப்பத்திலும் ஹைவேயில் போவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து உருட்டிக்கொண்டு போவார். நான் அவர் டயரை மோந்து பார்க்கும் தூரத்தில் காத்திருப்பேன். அடுத்த நேர்பாதை வரும், அவர் கைப்பிடியை முறுக்குவார், மறைந்துவிடுவார். நேர்பாதையில் மட்டும் முந்தலாம் என்ற குழுவில் எனக்கு வழியே கிடையாது. அவரைப் பொறுத்தவரை நான் மெதுவான வண்டி, என்னைப் பொறுத்தவரை அவர்.

சிறிய வண்டிக்காரர்கள் பேடாக்கில், அதாவது வண்டிகளை நிறுத்தி இளைப்பாறும் இடத்தில், கூடினால் இந்தப் புலம்பல்தான் ஓடும். 'இருபது லட்சத்துக்கு வண்டி வாங்கத் தெரியுது, திருப்பத் தெரியல' என்று யாராவது ஆரம்பிப்பார்கள். எனக்கு இந்தப் பேச்சில் உடன்பாடில்லை. அந்த மனிதர் நேர்பாதையில் முறுக்குவது ஒன்றும் நம்மை வெறுப்பேற்ற அல்ல. பின்னால் ஆள் இருப்பதே அவருக்குத் தெரியாது.

ஒருமுறை மதியம் சாம்பார் சாதத் தட்டோடு அப்படி ஒருவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். "சார், காலைல ரெண்டாவது செஷன்ல உங்க பின்னாடி வந்த ஆரஞ்சு வண்டி நான்தான்" என்றேன். "அப்படியா தம்பி? பின்னாடி ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, என் வண்டிலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அடுத்த செஷனில் யார் முதலில் வெளியே போவது என்று பேசிக்கொண்டோம். முக்கியமான நேர்பாதையில் த்ராட்டிலைப் பாதியில் வைத்துக்கொள்வதாக அவரே சொன்னார். டிராக்கில் கையை ஆட்டி, தலையை ஆட்டி, கோபத்தைக் காட்டி நடக்காதது அங்கே இரண்டு நிமிடத்தில் முடிந்தது. பேடாக்கில் போய்ப் பேசுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. 'நீங்க ஸ்லோ' என்று ஆரம்பிக்காமல் இருந்தால் போதும்.

பேச வாய்ப்பில்லாத இடத்தில் எனக்குப் பலமுறை கைகொடுத்தது இடைவெளி. ஒருவர் என்னைவிடச் சுற்றுக்கு 8 நொடி மெதுவாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நான் ஒரு நேர்பாதையில் நிதானமாக உருட்டி அவரை 25 நொடி தூரம் போகவிட்டால், மறுபடி அவரைப் பிடிக்க மூன்று சுற்று ஆகும். மூன்று சுற்றும் என் முன்னால் காலிப் பாதை. இன்னும் சுலபம், டிராக்கிலிருந்து விலகும் பக்கப்பாதையான பிட்டுக்குள் நுழைந்து மெதுவாக உருட்டிப் போய், வாசலில் நிற்கும் டிராக் பணியாளரான மார்ஷலிடம் 'கொஞ்சம் கேப் வேண்டும்' என்று சைகை காட்டுவது. கூட்டம் இல்லாத நேரம் பார்த்து அவரே அனுப்பிவிடுவார். ஒரு சுற்று வீணாகிறதே என்று தோன்றும். மூன்று சுற்று அடுத்தவர் வாலைப் பார்த்து ஓட்டியிருந்தால் அது இதைவிட வீண்.

அடுத்தவர் வாலைப் பார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கண் எங்கே போகிறதோ வண்டியும் அங்கேதான் போகும் என்று எல்லாப் பயிற்சியாளரும் சொல்லுவார்கள். முன்னால் ஒரு வண்டி இருந்தால் கண் தானாகவே அதில் ஒட்டிக்கொள்ளும். அவர் பிரேக் பிடிக்கும் இடத்தில் நாமும் பிடிப்போம். அவர் திருப்பத்தைத் தப்பான பாதையில், அதாவது தப்பான லைனில், எடுத்துப் போனால் நாமும் அதே லைனில் போவோம். அவர் பாதையை விட்டு மண்ணுக்குள் இறங்கினால், பின்னாலேயே நாமும் இறங்குவோம். இப்படி ஜோடியாக மண்ணுக்குள் போனவர்களைப் பார்த்திருக்கிறேன், இரண்டாமவருக்குப் போக எந்தக் காரணமும் இருக்காது. அதனால் முன்வண்டியின் பின்சக்கரத்தை விட்டுவிட்டு, ஓட்டுபவரின் தோளுக்கு மேலாகத் திருப்பத்தின் வெளிவாசலைப் பார்க்கப் பழக வேண்டும். அவர் பிரேக் லைட்டில் டேப் ஒட்டியிருப்பதால் அவர் எப்போது வேகம் குறைப்பார் என்று நமக்கு எந்தச் சமிக்ஞையும் வராது. ரோட்டில் சிவப்பு விளக்கைப் பார்த்துப் பிரேக் பிடித்த மூளை இங்கே ஒரு விநாடி தாமதிக்கும். 120 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடி என்பது 33 மீட்டர்.

சரி, முந்தியே ஆக வேண்டும் என்றால்?

திருப்பத்துக்குள் அவரை ஒட்டிக்கொண்டு போவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அதில் பிரயோஜனமில்லை. ஒட்டிப் போனால் அவர் வேகத்துக்கு மேல் நம்மால் போக முடியாது, வெளியேறும்போது இரண்டு பேரும் ஒரே வேகத்தில் இருப்போம். அதற்குப் பதிலாக நுழைவதற்கு முன்பே மூன்று, நான்கு வண்டி நீளம் விட்டுவிட வேண்டும். அந்த இடைவெளிக்குள் நம் வேகத்தில் திருப்பத்தை எடுத்து, அவரைவிட முன்னதாகவே த்ராட்டிலைத் திறந்து, வெளியேறும் இடத்தில் அவரை நெருங்க வேண்டும். 10 கிலோமீட்டர் வேகம் கூடுதலாக இருந்தாலே நேர்பாதையின் முதல் பாதியில் கடந்துவிடலாம். சமமான வண்டிகளுக்குள் இது அருமையாக வேலை செய்யும். லிட்டர் பைக்கிடம் பலிக்காது, அதற்குத்தான் முன்னால் சொன்ன இடைவெளி வைத்தியம்.

பக்கத்தில் வந்துவிட்டோம், அடுத்த திருப்பத்துக்குப் பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தைக் காட்டும் போர்டும் வந்துவிட்டது, இன்னும் கடக்கவில்லை என்றால் விட்டுக்கொடுத்துப் பின்னால் போய்விட வேண்டும். 'இன்னும் ஒரு வண்டி நீளம்தானே' என்று பிரேக்கைத் தாமதிப்பதில்தான் பிரச்சினை ஆரம்பிக்கிறது. கடந்துவிட்டாலும் உடனே அவர் முன்னால் குறுக்கே வெட்டக் கூடாது. அவர் முன்சக்கரம் நம் பின்சக்கரத்தில் பட்டால் விழுவது அநேகமாக அவர்தான், நமக்கு ஒரு குலுக்கல் மட்டும் இருக்கும். நம் லைனிலேயே நேராகப் போய், தாராளமாக இடம் கிடைத்த பிறகு ரேஸிங் லைனுக்கு வந்தால் போதும்.

பெரிய வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. உங்களுக்கும் எனக்கும் நேர்பாதையில் 70 கிலோமீட்டர் வேக வித்தியாசம் இருந்தால், விநாடிக்கு 19 மீட்டர் நெருங்கிக்கொண்டிருக்கிறீர்கள். 100 மீட்டர் முன்னால் பார்த்த வண்டி ஐந்து விநாடியில் உங்கள் ஹேண்டில்பாருக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த வேகத்தில் ஒருவர் முழங்கையை ஒட்டிப் போவது தேவையில்லாத வேலை. டிராக்கின் அகலம் இருக்கிறது, பாதி டிராக் தள்ளிப் போங்கள். ஒட்டிப் போனால் காற்று அடித்துச் சின்ன வண்டி ஆடும், அதன்மேல் இருக்கும் புதியவர் பயத்தில் த்ராட்டிலை மூடுவார். உங்கள் பின்னால் வரும் மூன்றாமவர்தான் அதில் மாட்டுவார்.

மெதுவாகப் போகிறவர் என்ன செய்ய வேண்டும்? கிட்டத்தட்ட ஒன்றுமே செய்யக் கூடாது. இதுதான் புதியவர்கள் நம்ப மறுப்பது. பின்னால் சத்தம் கேட்டதும் மரியாதைக்காக ஓரம் ஒதுங்குவார்கள். முந்த வருகிறவர் ஏற்கெனவே அந்தப் பக்கத்தைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார், இவர் சரியாக அங்கே போய் நிற்பார். நீங்கள் முந்தைய சுற்றில் எப்படிப் போனீர்களோ அப்படியே இந்தச் சுற்றிலும் போனால், பின்னால் வருகிறவர் இரண்டு திருப்பத்தில் உங்களைப் படித்துவிடுவார். திரும்பிப் பார்க்கவே வேண்டாம். 150-ல் போகும்போது ஒரு விநாடி தலையைத் திருப்பினால் 40 மீட்டருக்கு மேல் கண் மூடி ஓட்டியதற்குச் சமம். நேர்பாதையில் த்ராட்டிலைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு லைன் மாறாமல் போனால் அதுவே பெரிய உபகாரம். பிட்டுக்குள் போகப் போகிறீர்கள் என்றால் மட்டும் முன்கூட்டியே இடது கையைத் தூக்குங்கள், அல்லது காலை வெளியே நீட்டுங்கள். திடீரென்று நேர்பாதையில் வேகம் குறைக்கும் வண்டி எல்லாரையும் கலங்கடிக்கும்.

பயிற்சியாளர் உங்களைக் கடந்துபோய் தன் சீட்டின் பின்பக்கத்தைத் தட்டிக்காட்டினால் 'என் பின்னால் வா' என்று அர்த்தம். ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, தன் வண்டியில் ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்து பிட்டுக்குள் போய்விட்டார். பிரீஃபிங்கில் தூங்கியவர்.

கார்களுக்கு முறையே வேறு. அங்கே கண்ணாடி இருக்கும், அதனால் முன்னால் போகிறவர் அனுமதி கொடுத்தால்தான் முந்தலாம். நம் கார்களில் ஸ்டியரிங் வலதுபக்கம் இருப்பதால், ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி வலதுபக்கம் காட்டினால் வலதுபுறமாகப் போகலாம். கையைக் கூரைக்கு மேல் மடக்கி இடதுபக்கம் காட்டினால் இடதுபுறம். ஒரு சைகைக்கு ஒரு கார்தான். பின்னால் மூன்று கார் இருந்தால் மூன்று தடவை காட்ட வேண்டும், முதலாமவருக்குக் காட்டியதை நம்பி மூன்றாமவர் வரக் கூடாது. கையைக் காட்டிவிட்டு ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தியபடியே போகிறவர்களும் உண்டு, விருந்துக்கு வா என்று கூப்பிட்டுவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதுபோல. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர்தான், நேர்பாதைகள் குட்டி. அங்கே கையைக் காட்டினால் காலையும் எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் பின்கார் பக்கத்தில் வருவதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடும்.

கொடிகள் விஷயத்தில் குழப்பம் அதிகம் நீலத்தில்தான். வேகமான ஒருவர் உங்களை நெருங்கிவிட்டார் என்ற தகவல் அது. பயந்து பிரேக் பிடிக்கச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு உங்கள் லைனிலேயே போங்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஏதோ நடந்திருக்கிறது, முந்தக் கூடாது, எவ்வளவு மெதுவான வண்டி முன்னால் இருந்தாலும் கூடாது. மஞ்சளும் சிவப்பும் கோடு கோடாக இருந்தால் பாதையில் வழுக்கல், எண்ணெயோ மண்ணோ இருக்கலாம். சிவப்பு வந்தால் செஷன் நின்றுவிட்டது, பின்னால் வருகிறவர்களை மனதில் வைத்துப் படிப்படியாக வேகம் குறைத்து பிட்டுக்கு வர வேண்டும்.

கட்டம் போட்ட கொடி விழுந்த பிறகு வரும் சுற்றைப் பலரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. பாதிப் பேர் நிமிர்ந்து உட்கார்ந்து, கையை உதறிக்கொண்டு, பக்கத்து வண்டிக்காரருக்குக் கட்டைவிரல் காட்டிக்கொண்டு 60-ல் போவார்கள். மீதிப் பேர் கொடியைப் பார்த்திருக்கவே மாட்டார்கள், முழு வேகத்தில் வருவார்கள். நாள் முழுக்க நடந்ததைவிட மோசமான வேக வித்தியாசம் அந்த ஒரு சுற்றில்தான் இருக்கும். அதனால் கொடியைப் பார்த்ததும் வேகத்தைச் சட்டென்று குறைக்காமல், முக்கால் வேகத்தில், லைனை மாற்றாமல் ஓட்டுங்கள். யாரையும் முந்த வேண்டாம். கடைசித் திருப்பத்துக்கு முன்பே கையைத் தூக்கிக்கொண்டு பிட் வாசல் பக்கம் வந்துவிடுங்கள். பிட் லேனுக்குள் ஏற்பாட்டாளர் சொன்ன வேகம்தான், அங்கேயும் முந்துதல் கிடையாது.